காருக்கு மைலேஜ் கூட்டும் பிளக்: வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

"மைலேஜ் சேவர்" என்று சொல்லி, தீப்பெட்டி அளவு பிளக் ஒன்றை 1,800 ரூபாய்க்கு என் தலையில் கட்டிவிட்டார்கள். கோவையில் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடை. பெயர் வேண்டாம். இதே சாமான் வேறு வேறு பெயர்களில் பல ஊர்களில் விற்கிறது, ஏமாற்றும் விதம் தெரிந்தால்தான் தப்பிக்க முடியும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே மெக்கானிக்குகள் ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் செருகினால் பச்சை விளக்கு மின்னும். நாம் ஓட்டும் விதத்தை இஞ்சின் கம்ப்யூட்டரிலிருந்து படித்து, பெட்ரோல் அளவை மாற்றி, 30 சதவீதம் வரை மைலேஜ் கூட்டுமாம். கூடவே நிபந்தனைகள் அச்சடித்த ஒரு தாள் தருகிறார்கள். மோசடியே அந்தத் தாளில்தான் இருக்கிறது.

முதல் 250 கிலோமீட்டர் பிளக் "கற்றுக்கொள்ளும் காலம்". அதுவரை 60-ஐத் தாண்டக் கூடாது. ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கக் கூடாது. சிக்னலைத் தூரத்திலேயே பார்த்துக் காலை எடுத்துவிட வேண்டும். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். "டேங்க்கை மட்டும் ஃபுல் பண்ணிடாதீங்க சார், பாதியிலயே வெச்சுக்குங்க. வண்டி லேசா இருந்தாத்தான் சிப் சரியாப் படிக்கும்" என்று கடைக்காரர் வாயாலும் ஒருமுறை அழுத்திச் சொன்னார்.

இப்படி ஓட்டினால் எந்தக் காரிலும், எதையும் மாட்டாமலேயே, மைலேஜ் கூடும். விருட்டென்று கிளப்பிச் சடாரென்று பிரேக் போடும் பழக்கம் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 சதவீதமும், நின்று நின்று போகும் நகரப் போக்குவரத்தில் 10 முதல் 40 சதவீதமும் மைலேஜைக் குறைக்கும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. வேகம் எடுக்கச் செலவான பெட்ரோல் அத்தனையும் பிரேக்கில் சூடாகிப் போய்விடுகிறது, அவ்வளவுதான் விஷயம். ஆக, 30 சதவீதம் என்று பெட்டியில் போட்டிருப்பது நம் வலது கால் மிச்சம் பிடிக்கும் பெட்ரோல். அதற்குத்தான் 1,800 ரூபாய் வாங்குகிறார்கள்.

என் வண்டி ஊருக்குள் லிட்டருக்குப் பதின்மூன்றரை கொடுத்துக்கொண்டிருந்தது. தாளில் சொன்னபடி ஓட்டியதும் பதினேழை நெருங்கியது. கற்றுக்கொள்ளும் காலம் முடிந்து வழக்கம்போல ஓட்டத் தொடங்கியதும் பழையபடி பதின்மூன்றரை. சந்தேகப்பட்டு, பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு அதே தாளின்படி ஓட்டிப் பார்த்தேன். மறுபடியும் பதினேழு!

இப்போது அந்தப் பாதி டேங்க் கதைக்கு வருகிறேன். எடை குறைந்தால் மைலேஜ் கூடும் என்பது உண்மைதான், ஆனால் எவ்வளவு? ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ இருக்கும். என் காரின் டேங்க் 37 லிட்டர். பாதியாக வைத்தால் குறைவது 14 கிலோ, அதாவது பின்சீட்டில் ஒரு சின்னக் குழந்தையின் எடை. 45 கிலோ கூடினால் மைலேஜ் ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும் என்பது பொதுவான கணக்கு. அப்படியென்றால் பாதி டேங்க்கில் கிடைக்கும் லாபம் லிட்டருக்கு 50 மீட்டர். சின்னக் கார் என்பதால் இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொண்டாலும் 100 மீட்டர்தான்.

பிறகு எதற்கு இந்த நிபந்தனை? டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி அதே பம்ப்பில் ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பிப் பார்ப்பதுதான் நாமே மைலேஜ் கணக்கிட நம்பகமான வழி. பாதியிலேயே வைத்திருந்தால் முள்ளைப் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். முள் ஒரே சீராக இறங்காது, டேங்க்கின் வடிவமும் உள்ளே இருக்கும் மிதவையும் அப்படி. நாம் சரிபார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே போட்ட நிபந்தனை இது என்று உறுதியாக நம்புகிறேன். போதாக்குறைக்கு, இதை நம்பி ரிசர்விலேயே ஓட்டுகிறவர்களுக்கு வேறு செலவும் வரும். இன்றைய பெட்ரோல் கார்களில் இஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருக்கிறது, சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதன் சூட்டைத் தணிக்கிறது.

செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நண்பர் பிளக்கைப் பிரித்துக் காட்டினார். பேட்டரி மின்சாரம் வரும் 16-ஆம் பின்னும் எர்த் பின்னும் மட்டும் போர்டில் இணைந்திருந்தன. காரின் கம்ப்யூட்டரோடு பேச வேண்டிய 6, 14 பின்களிலிருந்து போர்டுக்கு ஒரு கோடுகூடப் போகவில்லை. உள்ளே இருந்தது எல்இடியை மின்ன வைக்கும் குட்டி சிப். ரீசெட் பட்டனை அழுத்தினால் மின்னும் வேகம் மாறுகிறது, வேறு எதுவும் நடக்காது.

திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் அசரவே இல்லை. "எங்கயாவது 60-ஐத் தாண்டியிருப்பீங்க சார், சிப் குழம்பிருச்சு. ரீசெட் பண்ணி மறுபடி 250 ஓட்டுங்க." பணம் வாபஸ் என்று பெட்டியில் இருக்கிறதே என்றால், நிபந்தனைகளைக் கடைப்பிடித்தவர்களுக்கு மட்டும் என்கிறார். கையில் கொடுத்திருந்தது பில் அல்ல, ஜிஎஸ்டி எண் இல்லாத எஸ்டிமேட் சீட்டு. இருந்தாலும் ஆன்லைனில் பணம் அனுப்பிய பதிவு, பெட்டி, தாள் எல்லாவற்றையும் படம் பிடித்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் தொகை சின்னது என்று விட்டுவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இப்படிப்பட்ட பொய் விளம்பரங்களுக்கும் பொருந்தும்.

ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் இன்றே கழற்றிவிடுங்கள். அந்த 16-ஆம் பின்னில் சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டு நீங்கள் ஊருக்குப் போய்விட்டால், அந்த விளக்கு உங்கள் பேட்டரியில்தான் மின்னிக்கொண்டிருக்கும்.