சாப்பாட்டுத் துண்டும் காசு லாச்சியும்: நான்கு ஆண்டு அனுபவம்

கொழும்பு செட்டியார் தெருவுக்கு அருகே எங்கள் குடும்பம் நடத்தும் சிறிய சைவச் சாப்பாட்டுக் கடையில் காசு மேசையைக் கவனிப்பவள் நான். 2021 இன் இறுதியில், அயலிலுள்ள நகைக் கடை முதலாளிமார் சிலர் கேட்டுக்கொண்டதால், மதியச் சாப்பாட்டுக்கான துண்டுகளை அச்சடித்து, 25 துண்டுகள் கொண்ட புத்தகங்களாக அவர்களுக்கு விற்கத் தொடங்கினோம். அவர்கள் தம்மிடம் வேலை செய்வோருக்குக் கொடுக்க, வேலையாட்கள் அதை எங்களிடம் தந்து சாப்பிடுவார்கள் என்பதே ஏற்பாடு. ஆனால் சில மாதங்களுக்குள் எங்களுக்கு மரக்கறி தருபவரும், ஒழுங்கை முனையில் முடி வெட்டுபவரும் காசுக்குப் பதிலாகத் துண்டுகளை வாங்கத் தொடங்கிவிட்டார்கள். மரக்கறிக்காரர் சேர்த்து வைத்த துண்டுகளை வார இறுதியில் கொண்டுவந்து, நாங்கள் அவருக்குக் கொடுக்க வேண்டிய தொகையில் கழித்துக்கொள்வார். நாலைந்து கடைகளுக்குள் மட்டும் செல்லுபடியாகும் ஒரு காசாகவே அது மாறிவிட்டது.

இப்படியொன்றைத் தொடங்க நினைக்கும் கடைக்காரருக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது காசுப் பதிவைப் பற்றியது. எங்கள் பில் இயந்திரத்தில் காசு, அட்டை என இரண்டு பொத்தான்களே இருந்தன. மேசையில் நின்ற தம்பி, வேறு வழியில்லாமல், துண்டு கொடுத்தவர்களின் பில்லையும் காசு என்றே அடித்தான். ஒரு நாள் இரவு எண்ணிப் பார்த்தபோது லாச்சியில் 37 சாப்பாட்டின் காசு குறைந்தது. துண்டுகள் மேசைக்கடியில் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்ததை நான் எண்ணவில்லை. இரண்டு நாட்கள் அந்தப் பிள்ளையைச் சந்தேகித்தேன். மூன்றாம் நாள் டின்னைத் திறந்து எண்ணினேன். சரியாக 37 இருந்தன. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றே இயந்திரத்தைப் பழுதுபார்ப்பவரை அழைத்து, 'துண்டு' என்று மூன்றாவது பொத்தானைப் போடச் செய்தேன்.

அந்தப் பொத்தான் போட்ட பிறகுதான் இன்னொரு பிழையும் தெரிந்தது. புத்தகம் விற்ற நாளிலேயே அதன் காசை விற்பனையாக எழுதிவிட்டு, துண்டு திரும்பி வரும்போது மறுபடியும் விற்பனையாக எழுதிக்கொண்டிருந்தோம். புத்தகம் விற்ற காசு நாங்கள் இன்னும் போடாத சாப்பாட்டுக்கான முற்பணம். அதாவது, எங்கள் கடன். இப்போது அதற்குத் தனிக் கொப்பி இருக்கிறது. வெளியே எத்தனை துண்டுகள் நிற்கின்றன என்பதை ஒவ்வொரு சனிக்கிழமையும் அதில் பார்த்தே அடுத்த வாரத்துக்கு அரிசி எடுக்கிறோம்.

மிகக் கடினமான காலம் 2022. முதலாவது தொகுதித் துண்டுகளில் '250 ரூபா' என்று அச்சிட்டிருந்தோம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அந்த ஆண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. அரிசியும் பருப்பும் எரிவாயுவும் விலையேற, நாங்களும் சாப்பாட்டு விலையைக் கூட்டினோம். துண்டோடு வந்தவர்களிடம் மிகுதிக் காசு கேட்டபோது, பட்டறையில் வேலை செய்யும் வயதான பத்தர் ஒருவர் கையிலிருந்த துண்டை மேசையில் வைத்து, "பிள்ளை, முதலாளி ஒரு மாதச் சாப்பாட்டுக்கல்லவா காசு கட்டினவர்?" என்று கேட்டார். அவர் சொன்னதே நியாயம் என்று எனக்குப் பட்டது. கைவசமிருந்த பழைய துண்டுகளை முழுச் சாப்பாட்டுக்கே ஏற்றுக்கொண்டு, அந்த நட்டத்தைத் தாங்கினோம். அடுத்த தொகுதியிலிருந்து 'ஒரு மதியச் சாப்பாடு' என்று மட்டுமே அச்சிடுகிறோம். விலை கூடினால் புதிய புத்தகத்தின் விலையே கூடும். அதனுடன், துண்டு மூன்று மாதத்துக்கே செல்லும் என்று தவணையும் போட்டோம். ஜேர்மனியின் பவேரியாவில் 2003 இல் தொடங்கிய 'கீம்காவர்' என்ற உள்ளூர் நாணயத்தில், தாளை வீட்டில் முடக்கி வைத்திருந்தால் அதன் பெறுமதி குறைந்துகொண்டே போகும். எங்களுக்கு அவ்வளவு கண்டிப்பு வேண்டியிருக்கவில்லை: தவணை கடந்த துண்டைக் கொண்டுவருபவர் விலை வித்தியாசத்தை மட்டும் கொடுத்தால் போதும்.

ஒருமுறை வர்ணப் பிரதி எடுத்த கள்ளத் துண்டுகள் இரண்டு வந்தன. அதன் பின்னர் தொடரிலக்கமும் தொகுதிக்கொரு நிறமும் வைத்திருக்கிறோம். துண்டைக் கையில் வாங்கியவுடன் கத்தரிக்கோலால் மூலையை வெட்டிக் கம்பியில் குத்திவிடுவதால், அது மறுபடியும் வெளியே போக வழியில்லை. துண்டுக்கு மிச்சக்காசு கொடுப்பதில்லை என்ற விதியை முதல் நாளிலிருந்தே விடாமல் கடைப்பிடிக்கிறோம்.

மேசையில், கைபேசியால் ஸ்கேன் செய்து காசு செலுத்தும் லங்கா கியூஆர் அட்டையும் இருக்கிறது. 2024 பெப்ரவரியிலிருந்து இந்தியாவிலிருந்து வருபவர்களும் தங்கள் நாட்டுக் கைபேசிக் கட்டண முறையான யூபிஐ செயலியால் அதில் செலுத்தலாம். கதிரேசன் கோவிலுக்கு வந்துவிட்டுச் சாப்பிட வருவோருக்கு அது வசதி. ஆனால் மதியம் பன்னிரண்டரைக்கு வரிசை வாசல்வரை நிற்கும்போது, காசு வந்த குறுஞ்செய்திக்காகக் காத்திருப்பதைவிடத் துண்டின் மூலையை வெட்டுவது எனக்கு வேகமாக இருக்கிறது.

காலையில் பிளேன்டீயும் வடையும் மட்டும் எடுக்கும் தொழிலாளர், தங்களுக்கும் ஒரு துண்டு வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்கிறார்கள். அடுத்த தொகுதியில் 'ஒரு காலைச் சாப்பாடு' என்று மஞ்சள் நிறத்தில் ஒன்று அச்சிட ஒப்புக்கொண்டிருக்கிறோம். அதற்கு முன், பில் இயந்திரத்தில் நான்காவது பொத்தானைப் போட்டுவிட வேண்டும்.