சோதனை எலக்ட்ரானிக் இசையும் வினைலும்: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு

சோதனை எலக்ட்ரானிக் இசையை வினைல் இசைத்தட்டுகளாகச் சேர்க்க ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகின்றன. வினைல் என்றாலே ஒலி இதமாக இருக்கும் என்ற பேச்சு இங்கே பாதிதான் எடுபடும், சில தட்டுகளுக்குச் சுத்தமாக எடுபடாது.

முதல் சிக்கல், கேட்பது இசையா கோளாறா என்றே தெரியாது. சாதாரணப் பாட்டில் கீறல் இருந்தால் காது உடனே பிடித்துவிடும். இங்கே கரகரப்பு, துள்ளல், ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு சுற்றுவது எல்லாமே வேண்டுமென்று வைத்ததாக இருக்கலாம். 90களில் ஓவல் குழு சிடி துள்ளும் சத்தத்தையே மூலப்பொருளாக எடுத்து இசை செய்தது, அதை வினைலில் கேட்டுக்கொண்டு 'ஊசி சரியில்லையோ' என்று எழுந்து போய்ப் பார்ப்பதெல்லாம் இந்தப் பொழுதுபோக்கில் சகஜம். அதனால் புதுத் தட்டு வந்ததும் ஒருமுறை டிஜிட்டல் கோப்போடு ஒப்பிட்டுக் கேட்டுவிடுவேன். வேகம் அச்சிடாத ட்ரோன் (ஒரே சத்தம் நீண்டு ஒலிக்கும் இசை) தட்டுகள் இன்னும் மோசம், நிமிடத்துக்கு 33 சுற்றில் ஓடவிட்டாலும் 45-இல் ஓடவிட்டாலும் நன்றாகத்தான் இருக்கும்!

எல்பி எனும் பெரிய தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 20 நிமிடம் வரை வசதியாகப் பிடிக்கும், அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலி அளவு குறையும், அடியில் இருக்கும் இரைச்சல் மேலே வரும். பிரெஞ்சு இசையமைப்பாளர் எலியான் ராடிக் செய்த மாதிரி மெல்ல மெல்ல மாறும் நீண்ட படைப்புகளை அதனால்தான் தட்டில் வாங்குவதில்லை. அமைதியும் தொடர்ச்சியும்தான் அங்கே எல்லாமே, பாதியில் எழுந்து பக்கம் திருப்பினால் போச்சு.

சுத்தமான சைன் அலைகளுக்கு (ஒரே அதிர்வெண் கொண்ட ஒலிகளுக்கு) உள்வட்டம்தான் எதிரி. 33⅓ வேகத்தில் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்கு 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது என்றால் நடு லேபிள் பக்கத்தில் 20 செ.மீ. சொச்சம்தான், அதே உச்ச ஒலியை அவ்வளவு சின்ன இடத்தில் அடக்கும்போது சிதைவு வரத்தான் செய்யும். கூம்பு ஊசியை விட்டு முனை மெல்லிய மைக்ரோலைன் ஊசிக்கு மாறியதில் இது நிறையவே குறைந்தது. செலவு செய்வதாக இருந்தால் ஸ்பீக்கரைவிட முதலில் இதில் செய்யலாம் என்பேன்.

பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, இன்னொரு விவகாரம். இடது வலது சேனல்களில் எதிர்எதிர் ஃபேஸில் (ஒன்றில் அலை ஏறும்போது மற்றதில் இறங்குவது) கனமான பாஸ் இருந்தால் ஊசி மேலும் கீழுமாக ஆடி எகிறிவிடும், ஆகவே மூலத் தட்டில் பள்ளம் வெட்டுபவர் பெரும்பாலும் அதை மோனோவாக்கிவிடுவார், இரு சேனலிலும் ஒன்றேயாகிவிடும். கணினியில் கேட்ட ஸ்டீரியோ அகலம் தட்டில் காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த இசை புரிந்தவர் வெட்டினால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். பழையது வாங்கும்போதுகூட ரன்-அவுட் பகுதியில் (லேபிளை ஒட்டிய வெற்றிடம்) கீறியிருக்கும் எழுத்துகளைப் பார்ப்பேன், தட்டு வெட்டும் பெர்லின் ஸ்டுடியோ டப்பிளேட்ஸ் அண்ட் மாஸ்டரிங்கின் பெயர் இருந்தால் பாதி கவலை போய்விடும்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் இன்னும் வாங்குகிறாய் என்றால், மூடிய பள்ளம், அதாவது முடிவில்லாமல் ஒரே வட்டத்தில் சுற்றும் பள்ளம். 1948-இல் பாரிஸ் வானொலியில் இசையமைப்பாளர் பியர் ஷேஃபர், ஒலிநாடா (டேப்) கைக்கு வருவதற்கு முன்பே, தட்டில் பள்ளத்தை வட்டமாக மூடி ஒரு சத்தத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார், ஆகவே இந்த இசைக்குத் தட்டு ஒன்றும் அந்நியம் இல்லை. 33⅓ வேகத்தில் ஒரு சுற்று 1.8 நொடி, அதில் நான்கு தாள அடி வைத்தால் நிமிடத்துக்கு 133 அடி (பிபிஎம்), அதாவது அப்படியே டெக்னோ வேகம். 1998-இல் ஆர்ஆர்ரெக்கார்ட்ஸ் என்ற அமெரிக்க வெளியீட்டு நிறுவனம் ஒரே எல்பியில் 500 மூடிய பள்ளங்களை வெளியிட்டது. கோப்பாகக் கேட்டால் எங்கோ ஒரு இடத்தில் நின்றாக வேண்டும், தட்டில் நாம் எழுந்து ஊசியைத் தூக்கும்வரை ஓடும், அது வேறு அனுபவம். ஆனால் ஊசி மாட்டிய கையைத் தானாகத் தூக்கிவிடும் ஆட்டோமேட்டிக் டர்ன்டேபிளில் கடைசி வளையங்கள் கிடைக்காமல் போகலாம், மேனுவல்தான் சரி.

பராமரிப்பில் புதிதாக ஒன்றும் இல்லை: நிமிர்த்தி வைப்பது, கார்பன் பிரஷ், பிவிசி உறை வேண்டாம், அவ்வளவுதான்.

அப்புறம் பழைய தட்டுகளின் தரக் குறியீடு. விற்பவர்கள் பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான் போடுகிறார்கள். நாய்ஸ் (இரைச்சலையே இசையாக்கும் வகை) தட்டு என்றால் விஜி (ஓரளவு தேய்ந்த தரம்) இருந்தாலே யோசிக்காமல் எடுப்பேன், விலையும் குறைவாக இருக்கும். மெல்லிய ஆம்பியன்ட் என்றால் அதைவிட ஒரு படி மேலான விஜி பிளஸ்கூட வேண்டாம், கிட்டத்தட்டப் புதிது போன்ற நியர் மின்ட் கிடைக்கவில்லை என்றால் கோப்பையே வாங்கிக்கொள்வேன்.