லிப்பிக்யூ: எல்லாம் சரி, அந்த டைம்அவுட்டுகளைத் தவிர

பைத்தான் செயலி ஒன்று, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் எழுத விடும் ஒரு பிரைமரி சர்வர், அதன் நகலாக இரண்டு ஸ்டாண்ட்பை. இணைப்புகளைச் சரியான சர்வருக்குத் திருப்பிவிடும் ஹெச்ஏபிராக்சி எதுவும் நடுவில் வைக்காமல், பைத்தானிலிருந்து போஸ்ட்கிரெஸை அணுகும் சைகாப்ஜி நூலகத்தின் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கிலேயே ஃபெயில்ஓவரை, அதாவது பிரைமரி செத்தால் ஸ்டாண்ட்பைக்கு மாறுவதை, சமாளித்துவிட முடியுமா என்று நண்பர் கேட்டார். முடியும். ஆனால் அடியில் உட்கார்ந்திருக்கும் போஸ்ட்கிரெஸின் சொந்த இணைப்பு நூலகமான லிப்பிக்யூவோடு பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன் என்ற முறையில், அந்த ஒரு வார்த்தையோடு விட்டுவிட மனசு வரவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2017-ல் போஸ்ட்கிரெஸ் 10 வந்ததிலிருந்து ஹோஸ்ட் என்ற இடத்தில் கமா போட்டுப் பல சர்வர்களை எழுதலாம். டார்கெட்_செஷன்_அட்டர்ஸ்=ரீட்-ரைட் என்று சேர்த்தால், எழுத விடுகிற சர்வர் கிடைக்கும்வரை வரிசையாகத் தட்டிப் பார்க்கும். 14-ல் அதே இடத்தில் எழுத பிரைமரி, ஸ்டாண்ட்பை, பிரிஃபர்-ஸ்டாண்ட்பை எல்லாம் சேர்ந்தன. 16-ல் சர்வர்களைக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் லோட்_பேலன்ஸ்_ஹோஸ்ட்ஸ்=ரேண்டம் வந்தது. பராமரிப்பு நேரத்தில் எழுதுவதைத் தடுக்க டிஃபால்ட்_டிரான்சாக்‌ஷன்_ரீட்_ஒன்லியை ஆன் செய்யும் பழக்கம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: ரீட்-ரைட் என்று கேட்டால் அந்த சர்வர் ஒதுக்கப்படும், பிரைமரி என்று கேட்டால் ஒதுக்கப்படாது. இதையெல்லாம் பிஜி_சர்வீஸ்.கான்ஃப் கோப்பில் ஒரு பெயரின் கீழ் எழுதிவிட்டால், செயலிக்குள் சர்வீஸ்=அந்தப் பெயர் என்பது மட்டும் போதும். போஸ்ட்கிரெஸின் பிஎஸ்கியூஎல், பிஜி_டம்ப் கருவிகள் இரண்டும் அதே பெயரைப் புரிந்துகொள்ளும். இந்த ஒரு வசதிக்கே கோயில் கட்டலாம்.

இனி எரிச்சல். இணைய எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று சொல்லும் கனெக்ட்_டைம்அவுட்டின் டிஃபால்ட் பூஜ்யம். லிப்பிக்யூ தானாகக் கைவிடாது என்று அர்த்தம். சர்வர் மெஷினே செத்திருந்தால் லினக்ஸ் கெர்னல் இரண்டு நிமிஷம் போலப் பார்த்துவிட்டு விட்டுவிடும். ஆனால் டிஸ்க் உறைந்து, டிசிபி இணைப்பை மட்டும் ஏற்றுக்கொண்டு மௌனம் காக்கிற சர்வரிடம் அந்தத் தயவும் கிடையாது. சரி, 5 என்று வைக்கிறீர்கள். அது மொத்தத்துக்கான கணக்கு இல்லை, ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனி. மூன்று ஹோஸ்ட், ஒவ்வொன்றுக்கும் ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் டிஎன்எஸ்ஸில் இருந்தால், மோசமான நாளில் 30 வினாடி. பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் தேடலே இந்தக் கடிகாரத்துக்குள் வராது. அதைச் செய்யும் ரிசால்வர் தொங்கினால் நீங்களும் தொங்க வேண்டியதுதான். ஹோஸ்ட்அட்ரஸில் ஐபியை நேரடியாகக் கொடுத்தால் தேடல் இல்லை. அப்போதும் ஹோஸ்ட்டை அழிக்காதீர்கள், எஸ்எஸ்எல்மோட்=வெரிஃபை-ஃபுல் சான்றிதழில் சரிபார்ப்பது அந்தப் பெயரைத்தான்.

இது புதிதாக இணைவதன் கதை. ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் இதைவிட மோசம். கேபிளைப் பிடுங்கியதுபோலப் பிரைமரி காணாமல் போகிறது, ஸ்டாண்ட்பை பொறுப்பேற்றுவிட்டது. மறுபடி பயன்படுத்த வைத்திருக்கும் இணைப்புகளின் பூலில் கிடக்கும் பழைய இணைப்பில் செயலி ஒரு குவெரியை அனுப்புகிறது. 'கிடைத்தது' என்று எதிர்ப்பக்கம் அனுப்பும் ஏசிகே வரவில்லை. கெர்னல் திரும்பத் திரும்ப அனுப்பும், ஒவ்வொரு முறையும் இடைவெளி இரட்டிப்பாகும். எத்தனை முறை என்று சொல்லும் டிசிபி_ரீட்ரைஸ்2-ன் டிஃபால்ட் 15, அதாவது கால் மணி நேரம் போல. 'கீப்அலைவ் வைத்திருக்கிறேனே' என்று பலர் சொல்வார்கள். 'உயிரோடு இருக்கிறாயா' என்று அவ்வப்போது கேட்கும் இந்தக் கீப்அலைவ் ஓடுவது இணைப்பு சும்மா கிடக்கும்போதுதான். பதில் வராத டேட்டா நடுவழியில் இருக்கும்போது அது வாய் திறக்காது. அதற்கு மருந்து, ஏசிகே வராத டேட்டாவுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று வரம்பு வைக்கும் டிசிபி_யூசர்_டைம்அவுட். 2019-ல் போஸ்ட்கிரெஸ் 12-ல் வந்தது.

வந்தது சரி, அதன் அலகு மில்லிசெகண்ட்! கனெக்ட்_டைம்அவுட் செகண்ட், கீப்அலைவ்ஸ்_ஐடில் செகண்ட், கீப்அலைவ்ஸ்_இன்டர்வல் செகண்ட், பக்கத்து வரியில் இது மட்டும் ஆயிரத்தால் பெருக்க வேண்டும். 20 என்று எழுதினால் 20 மில்லிசெகண்ட். ஒரு பாக்கெட் தொலைந்தாலே இணைப்பு அறுந்துவிடும். லேபில் எல்லாம் பச்சையாக ஓடும், நெரிசலான நெட்வொர்க்கில் காரணம் தெரியாமல் விட்டு விட்டு அறும். எழுத வேண்டியது 20000. இதை வைத்தால் நீண்ட ரிப்போர்ட் குவெரி பாதியில் செத்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். குவெரி சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததுமே அந்தப் பக்கக் கெர்னல் ஏசிகே கொடுத்துவிடும். அதன்பின் காத்திருக்கும் நேரத்தைக் கவனிப்பது கீப்அலைவின் வேலை. அதன் லினக்ஸ் டிஃபால்டோ 7200 வினாடி. நடுவில் அமேசானின் நெட்வொர்க் லோட் பேலன்சர் இருந்தால் அது சும்மா கிடக்கும் இணைப்பை டிஃபால்ட்டாக 350 வினாடியில் மறந்துவிடும்.

ஆகவே நண்பருக்கு: கனெக்ட்_டைம்அவுட்=3, கீப்அலைவ்ஸ்_ஐடில்=30, கீப்அலைவ்ஸ்_இன்டர்வல்=10, டிசிபி_யூசர்_டைம்அவுட்=20000. கடைசியதை வைத்தபின் கீப்அலைவ்ஸ்_கவுன்ட்டைப் (எத்தனை கீப்அலைவுக்குப் பதில் வராவிட்டால் மூடுவது) பற்றி லினக்ஸில் கவலை வேண்டாம், இணைப்பை எப்போது மூடுவது என்று முடிவு செய்வது யூசர் டைம்அவுட்தான்.

இன்னொரு பொறி. முதல் ஹோஸ்ட் ஆதென்டிகேஷனில் மறுத்தால் லிப்பிக்யூ அடுத்த ஹோஸ்ட்டுக்குப் போகாது, அங்கேயே நின்றுவிடும். டெபியன், உபுண்டுவில், யாரை உள்ளே விடலாம் என்று சொல்லும் பிஜி_எச்பிஏ.கான்ஃப் இருப்பது /ஈடிசி/போஸ்ட்கிரெஸ்கியூஎல் அடியில், டேட்டா டைரக்டரியில் இல்லை. பிஜி_பேஸ்பேக்கப்பால் டேட்டா டைரக்டரியை நகலெடுத்துப் புது ஸ்டாண்ட்பை எழுப்பினால் அந்தக் கோப்பு கூடவே வராது. அந்த ஸ்டாண்ட்பை பட்டியலில் முதலில் இருந்தால், இரண்டாவதாக ஆரோக்கியமாக நிற்கும் பிரைமரியை யாரும் தொடவே மாட்டார்கள்.

ஹெச்ஏபிராக்சி தேவையா என்றால், இந்த அளவுக்குத் தேவையில்லை. லிப்பிக்யூவே போதும், நம்பலாம். இருந்தும் இன்றைக்கு மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் போடுவேன். கனெக்ட்_டைம்அவுட்டின் டிஃபால்ட்டைப் பூஜ்யத்திலிருந்து நகர்த்தட்டும், மூன்றாவதைப் பற்றிப் பேசலாம்.