காதால் பார்க்கிற நாடகம்: டெல்டாவில் கேபிள், டிஷ், செல்போன்

டிவி நாடகத்தை 'இழுக்குறாங்க' என்று திட்டுகிறவர்களைக் கவனித்தால், பெரும்பாலும் செல்போனில், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, கண்ணெடுக்காமல் பார்க்கிறவர்களாக இருப்பார்கள். அது அப்படிப் பார்ப்பதற்காக எடுத்ததே அல்ல. கூடத்தில் டிவி ஓட, அடுக்களையில் தோசை வெந்துகொண்டிருக்க, பாதி கேட்டும் பாதி எட்டிப் பார்த்தும் தொடர்வதற்காக எடுத்தது. அதனால்தான் பாத்திரங்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி, முறை சொல்லி, நேற்று நடந்ததையும் சேர்த்தே பேசுகின்றன. அதிர்ச்சிக் காட்சியில் ஏழெட்டு முகத்தையும் ஆளுக்கு நாலு நொடி காட்டுவது, அடுப்படியில் இருப்பவர் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவரக் கிடைக்கிற அவகாசம். பின்னால் அடிக்கிற இடி இசைதான் கூப்பிடு மணி.

எனவே அன்றாடத் தொடருக்கு இன்னும் டிவிதான் சரி. கேள்வி, கேபிளா டிஷ்ஷா என்பது. டெல்டாவில் இதற்கு மழையும் கரண்டும்தான் பதில் சொல்லும்.

டிடிஎச், அதாவது வீட்டு டிஷ் சேவைகள் பயன்படுத்துவது கேயு பேண்டு என்கிற அலைவரிசை. அதன் அலைநீளம் குறைவு என்பதால் கனமழைத்துளிகள் சிக்னலை விழுங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிற சாயங்காலங்களில் சரியாக முக்கியக் காட்சியில் 'சிக்னல் இல்லை' என்று வருவது இதனால்தான். கேபிள்காரரின் தலைமை நிலையம் பெரும்பாலான சேனல்களை, அலைநீளம் கூடுதலான சி பேண்டில் பெரிய டிஷ் வைத்து எடுக்கிறது. மழை அதை அவ்வளவாகத் தொடாது. ஆனால் கேபிளின் பலவீனம் வேறு. வழியில் தெருவுக்குத் தெரு சிக்னலைப் பிரித்தும் பெருக்கியும் அனுப்புகிற நோடுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் கரண்ட் வேண்டும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும், பக்கத்துத் தெருவில் கரண்ட் போனால் படம் போய்விடும். டிஷ் இருந்தால் இன்வெர்ட்டரிலேயே ஓடும். ஆக, கரண்ட் அடிக்கடி போகிற கிராமத்துக்கு டிஷ், மழைதான் தொல்லை என்றால் கேபிள். 2018 நவம்பர் 16 அன்று நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபோது போஸ்டுகள் வரிசையாகச் சாய்ந்தன, கேபிளும் அதோடு போனது. அந்த மாதிரி நாளில் எதுவும் உதவாது.

நாகை, வேதாரண்யம் பக்கம் டிஷ் வைத்திருப்பவர்களுக்கு உப்புக்காற்று இன்னொரு எதிரி. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பியில் (சிக்னலை வாங்கும் கருவி) வயர் சொருகும் இடத்தில் பச்சை பூத்தால் சிக்னல் குவாலிட்டி மெல்ல இறங்கும். மழையே இல்லாத நாளிலும் படம் கட்டம் கட்டமாக உடையும். அந்தக் கனெக்டரை வருஷத்துக்கு ஒரு தடவை மழைக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. செலவு சொற்பம். மாற்றும்போது வயரை ஒரு வளையமாகத் தொங்கவிட்டு, அங்கிருந்து மேலேறி வீட்டுக்குள் போகும்படி விடச் சொல்லுங்கள். அப்போதுதான் மழைநீர் வயரோடு ஓடிவந்து பாக்ஸில் இறங்காமல் வளையத்தின் அடியில் சொட்டிவிடும். சன் டைரக்ட் டிஷ் நம் பக்கம் தென்கிழக்கே, ஏறக்குறைய தலைக்கு மேலே பார்க்கும். அதனால் தூரத்துத் தென்னை மறைக்காது. மாடியை ஒட்டி வளர்ந்ததன் மட்டைதான் மறைக்கும். காற்றடிக்கும்போது மட்டும் படம் துள்ளினால் முதலில் அதைப் பாருங்கள்.

சந்தா முடிந்து ரீசார்ஜ் செய்தும் படம் வராததற்கு அடிக்கடி இருக்கிற காரணம்: பாக்ஸை அணைத்துவிட்டார்கள். அனுமதி சிக்னல் வழியாகத்தான் வரும். பாக்ஸ் ஓடினால்தான் வாங்கிக்கொள்ளும். அதே சேனலில் கால் மணி நேரம் விட்டுவையுங்கள்.

இனி ஒலி, இதுதான் முக்கியம். இப்போதைய ஒல்லி டிவிகளில் ஸ்பீக்கர் கீழேயோ பின்னாலேயோ இருக்கும். சுவரில் மாட்டினால் வசனம் அமுங்கி, பின்னணி இசை மட்டும் வீடு முழுக்கக் கேட்கும். சவுண்ட் மெனுவில் சரவுண்டை அணைத்து, 'கிளியர் வாய்ஸ்' அல்லது பேச்சுக்கான மோடைப் போடுங்கள். பாக்ஸின் வால்யூமை ஏறக்குறைய முழுதாக வைத்து, டிவியில் மட்டும் கூட்டிக் குறையுங்கள். அடுக்களை தள்ளியிருக்கும் பழைய நீள வீடுகளில் இதுவே போதும்.

காதால் பார்ப்பதற்கு சன் டிவியின் 'எதிர்நீச்சல்' தொடரைவிட நல்ல சாட்சி இல்லை. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்துவின் 'இந்தாம்மா ஏய்' அடுத்த தெரு வரை கேட்டது. 2023 செப்டம்பர் 8 அன்று அவர் இறந்தபின் அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அந்தக் குரல் போனது போனதுதான். 2024 ஜூனில் தொடரும் முடிந்தது. மாறாக, நாயகி மாறும்போது 'இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்து போட்டாலும், டப்பிங் குரல் அதேயாக இருந்தால் அடுக்களைக்கு விஷயமே தெரியாது.

ஆப் வேண்டியது விட்டுப்போனதைப் பிடிக்க. சன் டிவிக்கு சன் நெக்ஸ்ட், விஜய்க்கு ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5. விளம்பரம் போக, அரை மணி எபிசோடு ஆப்பில் இருபது நிமிடத்தைச் சுற்றித்தான் இருக்கும். அதிலும் முதல் இரண்டு மூன்று நிமிடம் பாட்டும் நேற்றைய காட்சியும். தள்ளிவிடலாம். செல்போனின் சின்னத் திரைக்கு 480பி படத் தரம் போதும். ஒரு எபிசோடுக்கு 200 எம்பிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். நாலு தொடர் பார்த்தாலே ஒன்றரை ஜிபி பேக்கில் பாதிக்கு மேல் போய்விடும். மயிலாடுதுறை–தஞ்சை ரயிலில் பார்க்க நினைத்தால் வீட்டு வைஃபையில் முன்பே இறக்கிவைப்பதுதான் நிம்மதி. அப்படி இறக்கியதுகூடச் சில நாளில் காலாவதியாகும்.

நடவு, அறுப்புக் காலத்தில் எட்டு மணிக்கே படுத்துவிடுகிற வீடுகளில் ஒரு மாதக் கதை விட்டுப்போவது சகஜம். எல்லாவற்றையும் பார்க்க உட்காராதீர்கள்.   கதையின் வாரம் திங்களில் தொடங்கி வாரக் கடைசியில் முடிச்சுப் போடுவது. வெள்ளி, சனி எபிசோடுகளையும், திங்கள் எபிசோடின் முதல் ஐந்து நிமிடத்தையும் பார்த்தால் கதை கையில் வந்துவிடும். நடுவில் இருக்கும் மூன்று நாளும் அதே கூடத்தில் அதே சண்டைதான். இரண்டு தொடரின் கதையைச் சேர்த்துப் போடுகிற மகாசங்கமம் வந்த வாரம் மட்டும் இரண்டு தொடரின் பக்கத்திலும் தேடுங்கள். ஒரு மணி நேர எபிசோடு எந்தப் பெயரில் போட்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது.