காரைக்குடியில் தங்கலாமா, கானாடுகாத்தானிலா?

கார் இல்லாமல் அப்பா அம்மாவைச் செட்டிநாட்டுக்குக் கூட்டிப் போவதென்றால் முதல் கேள்வி இதுதான்.

காரைக்குடி என்றால் போக்குவரத்துக் கவலை இல்லை. சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் நேராகக் கொண்டுவந்து விடும். பிள்ளையார்பட்டிக்குப் பஸ், ஆயிரம் ஜன்னல் வீட்டுக்கு ஆட்டோ. முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அப்பா ஒரு பித்தளைக் கூஜாவைத் தூக்கிப் பார்த்தபடியே அரை மணி நேரம் நின்றார். வாங்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் ஊர் சத்தம், வெயில், வண்டி நெரிசல்.

கானாடுகாத்தான் நேர் எதிர். 1912இல் கட்டி முடித்த அரண்மனை, அகலத் தெருக்கள், ஆள் அரவமில்லாத மாலை. தங்கும் விடுதியிலிருந்து காலாற நடந்தே பார்த்துவிடலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வெறுங்காலுக்குச் சில்லென்று இருக்கும். சிக்கல், படிகள்தான். திண்ணைக்கு ஏறவே அம்மாவுக்குக் கை கொடுக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் செட்டிநாடு ரயில் நிலையம் உண்டு, எல்லா ரயிலும் நிற்காது. மருந்துக்கடை, மருத்துவமனை என்றால் காரைக்குடிதான்.

என்னைக் கேட்டால், முட்டிவலி இருப்பவர்கள் காரைக்குடியில் லிஃப்ட் உள்ள விடுதியில் தங்கி, ஒருநாள் காலையில் ஆட்டோ பேசிக் கானாடுகாத்தான் போய்வரட்டும். நடக்கத் தெம்பிருந்தால் இரண்டு ராத்திரி கானாடுகாத்தானிலேயே.