பாண்டியில லேப்டாப் ரேம் வாங்கப் போறீங்களா? என்னோட 5,800 ரூபா போன கதையப் படிச்சிட்டுப் போங்க

இப்பதான் பாண்டி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தேன். தட்டுல சோறு அப்படியே இருக்கு, இறங்கல. 5,800 ரூபா. அதுகூடப் பரவாயில்ல, "உங்க கைதான் தப்பு"ன்னு கடைக்காரன், கடை முழுக்க ஆள வச்சுக்கிட்டு என் மூஞ்சிக்கு நேரா சொல்லி அனுப்பினான் பாருங்க, அதைத்தான் தாங்க முடியல.

நான் கடலூர் திருப்பாப்புலியூர்ல வீட்ல இருந்தே சின்னக் கடைங்களுக்குக் கணக்கு எழுதுறேன். பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருத்தர், கடலூர் ஓ.டி.யில (ஓல்ட் டவுன்) ஒரு மீன்வலைக் கடைன்னு மொத்தம் ஒன்பது பேர். எல்லாருக்கும் டேலி (கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்), ஜிஎஸ்டி ரிட்டர்ன், எல்லாமே ஒரே லேப்டாப்ல. அதுல போர்டோடயே சேத்து ஒட்டின, கழட்ட முடியாத 4 ஜிபி ரேம் (லேப்டாப் வேலை பாக்குறப்போ பயன்படுத்துற மெமரி), பக்கத்துல இன்னொரு ரேம் சொருக ஒரு ஸ்லாட் காலி. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு இலவச அப்டேட் நின்னுடுச்சுன்னு 11-க்கு மாத்தினேன். அன்னையில இருந்து புடிச்சது தலைவலி. 4 ஜிபி இருந்தா போதும்னு சொல்றாங்க, ஆனா டேலியையும் ஜிஎஸ்டி சைட்டையும் சேத்துத் திறந்தா மவுஸ் நகர்றதுக்குள்ள ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம். 8 ஜிபி ஒண்ணு வாங்கி நானே போட்டுக்கலாம்னு முடிவு பண்ணேன்.

அவசரப்பட்டுப் போகல. ரெண்டு வாரம் உக்காந்து படிச்சேன். என் லேப்டாப்புக்கு வேண்டியது டிடிஆர்4 வகை ரேம், லேப்டாப் சைஸ், 260 பின், 1.2 வோல்ட். விண்டோஸ்ல இருக்குற டாஸ்க் மேனேஜர்ல மெமரிப் பக்கத்துல ரேம் வேகம் 2666-ன்னு இருந்துச்சு, அதையும் தாள்ல எழுதி வச்சுக்கிட்டேன். ஆன்லைன்ல வாங்கினா டூப்ளிகேட் வந்துடுமோன்னு பயந்துதான், கண்ணால பாத்து வாங்கலாம்னு பஸ் ஏறிப் பாண்டி போனேன்.

லேப்டாப் சர்வீஸும் பண்ணி உதிரியும் விக்கிற கடை. பேர் போடல. கவுன்ட்டர்ல இருந்த தம்பி அவ்வளவு மரியாதையாப் பேசினான். லேப்டாப்ப வாங்கி அவனே திறந்து, என் பக்கம் திருப்பிக் காட்டி, "அக்கா, 3200 ரேம் போட்டாலும் ஒண்ணும் ஆகாது, உங்க போர்டு 2666-லயே ஓட்டிக்கும்"னான். நான் படிச்சு வச்சிருந்ததும் அதேதான். அந்த ஒரு வார்த்தையிலதான் விழுந்தேன். விஷயம் தெரிஞ்ச பையன், பொய் சொல்ல மாட்டான்னு நெனச்சேன். பிளாஸ்டிக் கவர்ல சீல் போட்ட ரேம், மேல மினுமினுன்னு ஸ்டிக்கர், 8 ஜிபி 3200-ன்னு அச்சு. புதுசு, மூணு வருஷம் வாரன்ட்டின்னான்.

விலை 5,800. "ரேம் விலை தினம் ஏறுதுக்கா, ரெண்டு நாள் கழிச்சு வந்தா ஏழாயிரம்"னான். விலை ஏறியிருக்கிறது நெசந்தான். ஏஐ சர்வர்களுக்குப் பண்றதுலயே கம்பெனிங்க மும்முரமா இருக்கிறதால சாதா ரேமுக்குத் தட்டுப்பாடு. பில் கேட்டேன். "பில் போட்டா 18 சதவீதம் மேல வரும்க்கா, எதுக்கு வீணா?" 6,844 ஆகும். 1,044 ரூபா மிச்சம்னு அந்த நேரத்துல மனசு கணக்குப் போட்டுடுச்சு. ஒன்பது கடைக்காரங்ககிட்ட மாசாமாசம் பில் எங்க பில் எங்கன்னு கேக்குற நான், சரின்னுட்டேன். "வாரன்ட்டிக்கு நான் இருக்கேன்க்கா"ன்னு விசிட்டிங் கார்டு பின்னாடி தேதி எழுதிக் குடுத்தான். பணம் ஜிபேல போனது கடைப் பேருக்கு இல்ல, யாரோ ஒரு ஆள் பேருக்கு. அதையும் அப்ப யோசிக்கல.

மாட்டிக் குடுக்க 300 ரூபா கேட்டான். நானே போட்டுக்கிறேன்னேன். "தாராளமாப் போடுங்கக்கா, அதுல என்ன கஷ்டம் இருக்கு"ன்னான். இந்த வார்த்தைய ஞாபகம் வச்சுக்கோங்க.

அன்னைக்கு ராத்திரி காட்டன் சுடிதாரோட வெறும் தரையில உக்காந்தேன். சார்ஜரப் புடுங்கிட்டு, கழட்டின ஸ்க்ரூவெல்லாம் மாறிடாம இட்லித் தட்டுல குழிக்கு ஒண்ணாப் போட்டு வச்சேன். பின்பக்க ரப்பர் காலுக்கு அடியில ரெண்டு ஒளிஞ்சிருந்துச்சு. ஓரத்துல பழைய ஏடிஎம் கார்டச் சொருகி மெதுவா நெம்பி மூடியத் திறந்தேன். மொதல்ல பேட்டரி ஒயரக் கழட்டினேன். கையில இருக்குற ஸ்டேடிக் (உடம்புல சேர்ற மின்சாரம், ரேமக் கெடுத்துடும்) போகட்டும்னு இரும்புக் குழாயத் தொட்டுட்டு வந்தேன். ரேமோட தங்கப் பல்லுல விரல் படாம ஓரத்தப் புடிச்சு, வெட்டு இருக்குற இடம் பாத்துச் சாய்வா உள்ள விட்டு அமுக்கினேன். ரெண்டு பக்கமும் கிளிப் டிக்குனு விழுந்துச்சு. ஆன் பண்ணேன், 12 ஜிபி காட்டுச்சு. பக்கத்துல பாத்துக்கிட்டிருந்த அம்மாவுக்கு என்னைவிட சந்தோஷம்.

ஆனா வேகம் 2666-ல இருந்து 2133-க்கு இறங்கியிருந்துச்சு. ரெண்டு ரேமுல எது மெதுவோ அந்த வேகத்துலதான் ரெண்டும் ஓடும். அப்ப 3200-ன்னு குடுத்தது உண்மையில 2133. போன் பண்ணேன். "அது அப்படித்தான் காட்டும்க்கா"ன்னான். நம்பினேன்.

மூணாவது நாள் வலைக்கடை ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன் போட்டுக்கிட்டிருக்கும்போது விண்டோஸ் அப்படியே நின்னு எரர் திரை வந்துச்சு. கீழ மெமரி மேனேஜ்மென்ட்னு ஒரு வரி. ஒரே ராத்திரியில நாலு தடவை. விண்டோஸ்லயே இருக்குற மெமரி டெஸ்ட்ட ஓட்டினேன், ஹார்ட்வேர்ல கோளாறுன்னு வந்துச்சு. புது ரேமக் கழட்டிட்டு ஓட்டினேன், சுத்தமா இருக்கு. செம்மண்டலத்துல இருக்குற என் சொந்தத் தம்பி லேப்டாப்ல இருந்து ரேமக் கழட்டிட்டு வந்து அதே ஸ்லாட்ல என் கையாலயே போட்டு ஓட்டினேன். அதுவும் சுத்தம். அப்ப ஸ்லாட்டும் தப்பில்ல, என் கையும் தப்பில்ல. சிபியு-இசட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல எஸ்பிடி பக்கத்துல ரேமோட ஜாதகமே இருக்கும். பாத்தா கம்பெனி பேரு வேற, தயாரிச்ச வருஷம் 2016. ஸ்டிக்கர நகத்தால ஒரு ஓரம் தூக்கினேன், அடியில இன்னொரு ஸ்டிக்கரக் கிழிச்ச பசை கருப்பா ஒட்டியிருக்கு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. போன் பண்ணா "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கக்கா". அடுத்து "வாட்ஸ்அப்ல வீடியோ அனுப்புங்க". அனுப்பினேன், ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. நேர்ல போனா "ஓனர் சென்னை போயிருக்காரு". ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், தவளக்குப்பம்னு மூணு தடவை பஸ்ல போய் வந்துட்டேன்.

இன்னைக்கு ஓனர் இருந்தார். ரேமக் கையில வாங்கித் திருப்பிக்கூடப் பாக்கல. "நீங்களே கழட்டி மாட்டினீங்களாம்மா? அப்ப ஸ்டேடிக்ல போயிருக்கும். தெரியாத வேலையில லேடீஸ் கைய வச்சா இப்படித்தான்"னார். சார், ஸ்டேடிக்ல 2026 ரேம் 2016 ரேமா மாறுமான்னு கேட்டேன். பதில் இல்ல. தாராளமாப் போடுங்கன்னு சொன்ன தம்பி அங்கயேதான் இருந்தான், போன்ல இருந்து தலைய நிமுத்தல. பில் இருக்கான்னு கேட்டார். கார்டக் காட்டினேன். இது பில் இல்லையேன்னார். கடைசியில, "சரி, பழைய ரேமா எடுத்துக்கிறேன், 700 ரூபா தரேன்"னார். பழைய ரேமாம்! அவர் வாயாலயே வந்துடுச்சு. 5,800-க்குப் புதுசுன்னு வித்தத 700-க்குப் பழசுன்னு வாங்குறாரு. ரேமப் புடுங்கிப் பைல போட்டுக்கிட்டு வந்துட்டேன்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் குடுத்துட்டேன். ஜிபே ரசீது, வாட்ஸ்அப், சிபியு-இசட் படம் எல்லாம் எடுத்து வச்சிருக்கேன். பொருள பாண்டியில வாங்கியிருந்தாலும் 2019 சட்டப்படி நம்ம ஊர் நுகர்வோர் ஆணையத்துலயே வழக்குப் போடலாம், அதனால அடுத்தது கடலூர்லதான்.

எப்படிப் பாத்து வாங்கணும்னு விளக்கமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன். நாளைக்கு 20ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன் ஃபைல் பண்ணக் கடைசி நாள், நாலு கடை பாக்கி, அந்த 4 ஜிபியிலயேதான் உக்காரணும். அதனால சுருக்கமா: பில் இல்லாம வாங்காதீங்க. பில்லுல ரேமோட சீரியல் நம்பர எழுதச் சொல்லுங்க. கடையிலயே மாட்டச் சொல்லி சிபியு-இசட்ல வருஷத்தையும் வேகத்தையும் பாத்துட்டு அப்புறம் பணம் குடுங்க. சில லேப்டாப்புல ஸ்லாட்டே இருக்காது, அதை மொதல்ல பாத்துக்கோங்க. பொண்ணுங்க தாராளமா நீங்களே கழட்டி மாட்டுங்க, அதுல ஒரு தப்பும் இல்ல.

5,800 ரூபா, 2016 ரேம். கவர்ல போட்டு பீரோவுல வச்சிருக்கேன். 700-க்குத் தர மாட்டேன்.