மர்ம மோடம் ஒலி: மினிமோடமா, நிறமாலைப் படமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்ட அலுவலகம் ஒன்றில் பழைய மழைமானிக் கருவி இருக்கிறது. தரவை ஒலியாக மாற்றும் மோடம் மூலம், தொலைபேசிக் கம்பி வழியே எதையோ கீச்சிட்டு அனுப்புகிறது, கையேடு இல்லை. ஒலியைப் பதிவுசெய்தாயிற்று. அதை எழுத்தாக்க இரண்டு வழிகள் உண்டு.

மினிமோடம் என்ற இலவச மென்பொருள் வேகமானது. வேகத்தை (வினாடிக்கு எத்தனை பிட்) 300 என்று கொடுத்தால் பெல் 103, 1200 என்றால் பெல் 202 என்ற மோடம் தரநிலையாக எடுத்துக்கொள்ளும். பொருந்தினால் எண்கள் கொட்டும். பொருந்தாவிட்டால் குப்பை எழுத்துகள்தாம். எங்கே பிசகியது என்பது எளிதில் பிடிபடாது.

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் நிறமாலைப் படமாக, அதாவது எந்த நேரத்தில் எந்த அலைவெண் ஒலிக்கிறது என்று காட்டும் படமாகப் பார்ப்பது பொறுமை கேட்கும் வேலை. ஆனால் ஒலி எந்தத் தரநிலை என்பதே தெரிந்துவிடும். 0-க்கு ஒன்று, 1-க்கு ஒன்று என இரண்டு அலைவெண்கள் கோடுகளாகத் தெரியும். கோடுகள் 1200, 2200 ஹெர்ட்சில் நின்றால் பெல் 202. 1300, 2100 என்றால் வி.23 தரநிலை; 980, 1180 என்றால் வி.21. அலைவடிவத்தைப் பெரிதாக்கி மிகக் குறுகிய துடிப்பை அளந்தால் வேகமும் கிடைக்கும்: சுமார் 3.3 மில்லிவினாடி என்றால் 300 பாட் (வினாடிக்கு 300 துடிப்பு), 0.83 என்றால் 1200. பிட்டுகளைக் கையாலும் படிக்கலாம். தொடக்க பிட் 0. பிறகு தரவு கடைசி பிட்டிலிருந்து வரும். 01000001 என்ற ஆங்கில 'A' எழுத்து, 10000010 என்று தலைகீழாக நிற்கும். அதைக் கண்ணால் பார்ப்பது தனி மகிழ்ச்சி!

என் தேர்வு படம்தான். அதில் கிடைத்த அலைவெண்களை மினிமோடத்திடம் கொடுத்தால் மீதியை அது முடித்துவிடும். கோடுகளே தெரியாமல் பட்டையான இரைச்சலாக இருந்தால், அது வி.32 போல அலையின் கட்டத்தையும் வீச்சையும் மாற்றித் தரவு அனுப்பும் வகையாக இருக்கலாம்; அதற்கு இவ்விரண்டும் போதாது.